ஐம்பத்தொன்றை ஆறால் வகுத்தால்

குன்னத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், 1997 ஆனி மாதத்திலிருந்து, கடைசிப் பிள்ளைக்கும் புரிகிறவரை கரும்பலகையில் எழுதியது அழியாது. தலைமை ஆசிரியர் செல்லதுரை ஈரத்துணியும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். புரியவைப்பதே சுலபம் என்று பிறகு தெரிந்துகொண்டார். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு சேர்ந்தது. பலகை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

2003இல் பள்ளிகளைத் தரம்பிரிக்க வந்த உதவிக் கல்வி அலுவலர் மணிவேல், ஐம்பத்தொன்றை ஆறால் வகுக்கும் கணக்கு பத்தொன்பது நாளாக நிற்பதைக் கண்டார். பாடம் பின்தங்கியிருந்ததால் கடைசித் தரம் எழுதினார். பலகையையும் மாற்றச் சொன்னார். ஆனால் பள்ளியில் எதை மாற்றவும் கிராமக் கல்விக் குழுத் தலைவி கையெழுத்திட வேண்டும். தலைவி கொளஞ்சியம்மாள் விவசாயக் கூலி. பள்ளிக்கூடம் போகாதவர், கையெழுத்து மட்டும் கற்றவர். குழுக் கூட்டங்களை வராந்தாவிலேயே நடத்துவார். வகுப்பறைக்குள் கால் வைத்ததில்லை.

“பலகையில ஒரு கோளாறும் இல்லிங்க சார். பிரவீணா வெங்காயம் புடுங்கப் போயிட்டா, அதான் நிக்குது.”

“ஒரு பொண்ணுக்காக மத்த முப்பத்தெட்டு பேரும் காத்துக் கெடக்கணுமாம்மா?”

“அதுவும் நம்ம புள்ளதானங்க. செத்த இருங்க, அனுப்பி வைக்கிறேன்.”

வெங்காயக் காட்டுக்குப் போய், பிரவீணாவின் பாத்தியில் தானே குனிந்துகொண்டு பெண்ணை அனுப்பினார். செல்லதுரை இரண்டு முறை விளக்கியும் அவளுக்கு விளங்கவில்லை. மணிவேல் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் மடியில் இருந்த வெங்காயத்தில் ஐம்பத்தொன்றை எண்ணி, ஆறு பங்காகப் போடவைத்தார். அதற்குள் வேலை முடிந்து வந்த கொளஞ்சியம்மாள், என்ன ஆயிற்றோ என்று உள்ளே வந்து நின்றார். “ஆளுக்கு எட்டு” என்றாள் பிரவீணா. பலகையில் எண்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மிச்சமான மூன்று மட்டும் போகவில்லை.

பதிவேட்டைச் சரிபார்த்தார்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். பிரவீணாதான் திரும்பிப் பார்த்தாள். “ஒங்களுக்குப் புரிஞ்சிச்சா பெரியம்மா?”

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்.”

அவள் விடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, குவியல்களைக் கலைத்து மறுபடி போடச் சொன்னாள். மண் ஒட்டிய விரல்கள் மெதுவாக எண்ணின. “மூணு நிக்குதே. ஆறு பேருக்குப் பத்தாது” என்றார் கொளஞ்சியம்மாள்.

மூன்று அழிந்தது.

மணிவேல் எழுதியதை அடித்து, முதல் தரம் என்று திருத்தினார். மேலிடத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மறுநாள் பதிவேட்டில் நாற்பதாவது பெயராகக் கொளஞ்சியம்மாளைச் சேர்த்தார்கள். காலையில் அவர் ‘உள்ளேன் ஐயா’ சொல்லி, ஒரு பாடம் முடிந்ததும் வேலைக்குப் போவார். களையெடுப்புக் காலத்தில் வர முடியாதபோது கணக்கு இரண்டு மூன்று நாள் பலகையிலேயே இருக்கும். பிள்ளைகள் அதுவரை வாய்ப்பாடு படிப்பார்கள்.