பாதி உப்பு

அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவன் பச்சைமுத்து. தொண்ணூற்றாறில் அவனுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைப் பாதியாகக் குறைத்து, பச்சை மல்லி, புதினா, இஞ்சி, மிளகு, எலுமிச்சை நிறையச் சேர்த்தால் நாக்கு உப்பைத் தேடாது என்று அவன் மனைவி யசோதாவிடம் சொன்னார்.

யசோதா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மர்பி டவுனிலிருந்து காலையிலேயே அல்சூர் மார்க்கெட்டுக்கு நடந்துபோய், ஈரம் காயாத கட்டுகளாகப் பார்த்து வாங்குவாள். சீரகத்தையும் மிளகையும் அன்றன்றைக்கு வறுத்து இடிப்பாள். எந்த நோயும் இல்லாத அவளும் அதையே தின்றாள்.

"உனக்கு மட்டும் தனியா வெச்சா நோயாளி மாரி இருக்கும்யா," என்றாள்.

அவனுக்குச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை. பட்டறையில் கூட உட்கார்ந்து தின்னும் நாகேஷ், "இன்னாடா, பத்தியச் சோறா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டுத்தான் முதல்முறை உப்பைத் தூவிக்கொண்டான். அப்புறம் டூல் பெட்டிக்குள் ஓர் உப்புப் பொட்டலம் எப்போதும் கிடந்தது. நாகேஷின் மாங்காய் ஊறுகாயும் சேர்ந்துகொண்டது. சாயந்தரம் காலி டிபன் பாக்ஸை நீட்டும்போது, "நல்லா இருந்துச்சு" என்பான். அவள் முகம் மலரும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் லேத் முன்னாலேயே சுருண்டு விழுந்தான். வலது கையும் காலும் விளங்காமல் போயின. வாய் கோணிப் பேச்சு நின்றது.

அதே டாக்டர்தான் பார்த்தார். "உப்பு கம்மி பண்ணலையா?" என்று யசோதாவைக் கேட்டார்.

"பாதி கூடப் போடறதில்ல மேடம். பூரா மல்லியும் புதினாவும்தான்..."

"சுள்ளு ஹேள்பேடம்மா!" என்று டாக்டர் கன்னடத்தில் அதட்டினார். "பொய் சொல்லி யாரை ஏமாத்தறே? உன் புருஷன்தானே இவரு?"

பச்சைமுத்து வாயைத் திறந்தான். எச்சில்தான் வழிந்தது. யசோதா அதைத் துடைத்தாள். வார்டே அவளைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபின் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "என் கைதான் தப்பிப் போச்சோ," என்று பக்கத்து வீட்டு யூனிஸிடம் அழுததை அவன் படுத்தபடியே கேட்டான்.

எட்டு மாதம் கழித்து வார்த்தைகள் திக்கித் திக்கி வந்தன. முதலில் அவளிடம் டூல் பெட்டி உப்பைப் பற்றித்தான் சொன்னான். புதினா ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"டெய்லியுமா?"

தலையாட்டினான்.

"புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"புடிச்சுது... யசோ... புடிச்சுது."

நம்பினாளா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் தானே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மறுநாள் ஆட்டோவில் போனான். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

புதியவர் பிரஷர் பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. மாத்திரையை விடாதீங்க. வீட்டுச் சாப்பாடும் இப்படியே இருக்கட்டும்," என்றார். பச்சைமுத்து சொல்லத் தொடங்கினான். இரண்டு வார்த்தை வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வுடுய்யா, எழுந்திரு," என்று யசோதா கை கொடுத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாசல் வரைக்கும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.