கீழ்த்தொட்டிக்குள் ஒரு விரிசல்

என் மனைவி பியாட்ரிஸ் இறந்த நாற்பத்தோராம் நாள் காரின் ரேடியேட்டரைக் கழற்றினேன். ஆட்டோவில் வைத்து ராபர்ட்சன்பேட்டைக்கு, கொர்னேலியஸின் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அவர் மூடியைத் திறந்து விரலை விட்டார். பழுப்பாக வழவழவென்று ஒட்டிவந்தது.

"இன்னா சார், பால் டீ மாரி இருக்குது. நாலு பன்னு வெச்சா கடையே போட்டுடலாம்."

சொன்ன பிறகுதான் இது எந்த வண்டியுடையது என்று அவருக்கு நினைவு வந்தது. விரலைச் சாக்கில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பியாட்ரிஸின் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்து எங்களிடம் விட்டுப்போன பழைய ஜப்பான் கார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். அந்த கியர்பாக்ஸின் எண்ணெய், ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கும் ஒரு பித்தளைக் குழாயில் ஓடிக் குளிர்ந்து திரும்பும். அதுதான் கூலர். குழாய்க்கு உள்ளே எண்ணெய், வெளியே தண்ணீர், நடுவில் ஒரு மில்லிமீட்டர் பித்தளை.

ஜூன் மாதம் ஒரு மாலை அவளுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. கோலார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மூன்று நாள் நின்றிருந்த வண்டி. பங்காருபேட்டை தாண்டியதும் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. லாரி கிடைக்க ஐம்பது நிமிடம் ஆனது. லாரி கோலாருக்குள் நுழைந்தபோது அவளுடைய மூச்சிரைப்பு நின்றுபோயிருந்தது.

கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்பது மறுவாரமே தெரிந்தது. கூலர் எங்கே உடைந்தது, எதனால் உடைந்தது என்பதுதான் தெரியவில்லை.

மாமனார் ஏசுபாதத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. தங்க மைன்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வண்டி அவர் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. ஞாயிறுதோறும் துடைத்து, ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவார். பானையில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். அடக்கம் முடிந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஒரே வார்த்தை: "நான் ஊத்துன தண்ணிதான் மாப்ளே, கூலரைத் தின்னுடுச்சு."

"அப்படியெல்லாம் இல்ல மாமா" என்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வேன். ஏனென்றால் ஏப்ரலில் அடைப்பு எடுக்க ரேடியேட்டரைக் கழற்றி மாட்டியது நான்.

கொர்னேலியஸ் ஈயத்தை உருக்கி, கூலர் உள்ளேயே இருக்கக் கீழ்த்தொட்டியை மட்டும் பிரித்தெடுத்தார். கூலரின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றுக் குழாயை மாட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குழாயின் உடம்பு முழுக்க அமைதி. கழுத்திலிருந்து மட்டும், நட் மாட்டும் இடத்துக்குக் கீழே, தொட்டியின் உள்பக்கத்தில், குமிழிகள் வரிசையாக ஏறின.

வெளியே எடுத்து உப்பை அங்கங்கே சுரண்டிப் பார்த்தோம். உப்புக்கு அடியில் பித்தளை நன்றாக இருந்தது. அரிப்பு இல்லை. கழுத்தின் பற்றவைப்பில் பாதி வட்டத்துக்கு மயிரிழை போல ஒரு விரிசல்.

"நட்டை முறுக்குனப்போ கழுத்து திரும்பாம இன்னொரு ஸ்பேனர்ல புடிச்சீங்களா சார்?"

"இல்ல."

"ஃபேக்டரி பழக்கம்."

ஆமாம். ஃபேக்டரியில் நான் பெரிய டம்பர் லாரிக்கு கியர்பாக்ஸ் பொருத்துகிறவன். அதன் கூலர் கழுத்து கனமான இரும்பு. ஒரே ஸ்பேனர், உடம்பு எடை முழுவதும் அதன்மேல். அங்கே யாரும் இரண்டாவது ஸ்பேனர் பிடிப்பதில்லை. பி.இ. படித்தவன் நான்.

அப்போது மாமா வாசலில் வந்து நின்றார். நான் இங்கே இருப்பதை வீட்டில் கேட்டு வந்திருக்கிறார்.

"மாமா, தண்ணி இல்ல. நான்தான். மாட்டும்போது முறுக்கி ஒடச்சிட்டேன்."

"எனக்கோசரம் சொல்றீங்க."

"இவரைக் கேளுங்க."

"அவனும் எனக்கோசரம்தான் சொல்லுவான்."

"யோவ் பெரியவரே," என்றார் கொர்னேலியஸ், "காத்து அடிச்சா எங்க ஓட்டையோ அங்கதான் குமிழி வரும். அதுக்கு மாமன் மச்சான் தெரியாது. வந்து பாரு."

மறுபடி அமுக்கினார். மாமா தொட்டியருகே குந்தினார். குமிழிகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தடவினார்.

"இது இன்னா சொரசொரன்னு?"

"உப்பு மாமா. ஆனா விரிசல் அதனால வரல."

"இதுல உப்பு இல்லாத எடம் எது? காட்டுங்க."

காட்ட முடியவில்லை. எல்லா இடத்திலும் இருந்தது. முறுக்கலில் உண்டாகும் விரிசல் வேறு, அரிப்பு வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரி சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தோள் துண்டை எடுத்து, ஈரத்தோடு அந்தக் கீழ்த்தொட்டியைச் சுற்றினார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்."

பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை அவர் பின்னால் நடந்தேன். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய சட்டை நனைந்தது. அவர் வீட்டுப் பக்கம் போகும் மைசூர் மைன்ஸ் பஸ் வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

நான் ஏறவில்லை.