மழை இல்லாத நாளின் தண்ணீர்

பாட்டிலை மூன்று முறை ஓடைத் தண்ணீரிலேயே அலசிவிட்டு நான்காவது முறை நிரப்ப வேண்டும். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகவே செய்கிறது. ஆனால் கொட்டும் மழையில், முழங்கால் வரை கலங்கல் நீரில் நின்றுகொண்டு செய்வது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஆய்வகத்தில் மழை நாளில் மாதிரி எடுப்பதில்லை. அப்படி யாரும் விதி எழுதி வைக்கவில்லை. கலங்கிய தண்ணீர் வடிதாளை அடைத்துக்கொள்ளும், கருவி தகராறு செய்யும், லேப் அக்கா பிடித்து விளாசிவிடுவார். "சேத்தக் கொண்டுவந்து என் தலைல கட்டாதீங்க. நாலு நாள் தெளியட்டும்." நானும் சமர்த்தாக வானம் வெளுக்கும்வரை காத்திருந்து, காலில் ஈரம் படாமல் கரையில் குந்தி எடுத்து வருவேன். தண்ணீரில் கரைந்த நைட்ரேட் லிட்டருக்குப் பதினெட்டு மில்லிகிராம், இருபது, பதினாறு. வரம்பு நாற்பத்தைந்து. சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். ஓடையும் அப்படித்தான் இருந்தது.

தங்கை வீட்டுக் குழாய்க்கு இந்த ஓடைத் தண்ணீர்தான் போகிறது. அவளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. மூன்று மாதக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிய அன்றே எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, குழாய்த் தண்ணில கலக்கலாமா?"

"நான் பாக்குற தண்ணி, தாராளமா கலக்கு. நல்லா கொதிக்க மட்டும் வை."

சின்ன வயதிலிருந்தே என் பேச்சை அவள் தட்டியதில்லை. தட்டியிருக்கலாம்.

நான்கு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. போன வாரம் பிடித்த மழை விடவே இல்லை. நாலாம் நாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தும் நீலம் இறங்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான். தங்கை என்னைப் பெருமையாகப் பார்த்தாள். "எங்கண்ணனே தண்ணி டெஸ்ட் பண்றவர்தான் டாக்டர்." நான் பையிலிருந்து போன மாத அறிக்கையை எடுத்து நீட்டினேன். பதினெட்டு. டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இதயத்தில் கோளாறா என்று தேடப் போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பிஞ்சு உடம்பை ஒவ்வொரு கருவியாக மாற்றி மாற்றிப் படுக்க வைத்தார்கள். நடுநடுவே தங்கை, வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி எடுத்து வந்த ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிப் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பஸ் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்த்தேன். கரை தெரியாமல் ஓடிய தண்ணீரில் காலி உரச் சாக்குகள் மிதந்து போயின. கோடை முழுக்க வயலில் போட்ட உரம் மண்ணிலேயே கிடந்திருக்கிறது. முதல் பெருமழை அத்தனையையும் வழித்து ஓடையில் சேர்த்துவிட்டது. உரத்தின் நைட்ரேட்தான் கைக்குழந்தையின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் உதட்டை நீலமாக்கும். சேறு தெளியும் நாளில் அதுவும் கடந்து போயிருக்கும். அதற்குப் பிறகு நான் பாட்டிலோடு வருவேன். பையிலிருந்த மாதிரிப் பாட்டிலோடு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடைக்குள் போனேன்.

லேப் அக்கா இன்று திட்டவில்லை. இரண்டு முறை வடிகட்டி, இரண்டு முறை அளந்தார்.

"நூத்திப் பதினாலு."

"கொதிக்க வச்சுத்தான்க்கா குடுக்கறா."

"கொதிக்க வச்சா கிருமி சாகும். இது எங்க போகும்? தண்ணி சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும்." என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். வேலைக்கான தேர்வில் இதற்குச் சரியான விடை எழுதியிருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். "மருந்து இருக்கு, இப்பவே போடறோம். முந்தாநாளே தெரிஞ்சிருந்தா..." என்றவர் முடிக்காமல் வைத்துவிட்டார். அந்த மீதி வாக்கியத்தைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வார்டுக் கதவுக்கு வெளியே பெஞ்சில் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ புது மருந்தாம்ணா, என்னை வெளிய அனுப்பிட்டாங்க. தண்ணியாலதான் இருக்கும்னு ஒரு நர்ஸ் சொல்றாங்க. எங்கண்ணன் பாக்குற தண்ணி, வாய்க்கு வந்தபடி பேசாதீங்கன்னு சண்டையே போட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் பெஞ்சில் சொட்டியது.

"ஐயோ, இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கியே." ஃபிளாஸ்க்கைத் திறந்து அதன் மூடியில் ஊற்றினாள். "குடி. ரெண்டு நாளா மூணு தடவை கொதிக்க வைக்கறேன், பாதியா சுண்டிடுது. இதுல எதுவுமே இருக்காதுண்ணா."

வாங்கிக்கொண்டேன். மூடியின் அடியில் பொறித்திருந்த சின்ன எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது, அவ்வளவு தெளிவு. ஆவி எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் எழுந்தது. நான் குடிப்பதற்காக அவள் காத்திருந்தாள்.