அடுப்படி ஸ்டிக்கர்

…கேஸை மூடினேனா, மூடியிருப்பேன், கை தானாகவே போய் ரெகுலேட்டரைத் திருகியிருக்கும், ஆனால் போன மாதமும் இப்படித்தானே நினைத்தாள் தமிழினி, பால் பொங்கி அடுப்பை அணைத்து வீடு முழுக்க கேஸ்… மாமனாருக்குக் கொரோனாவோடு வாசனை தெரிவது போய்விட்டது, அவர்பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தார், மேல்வீட்டு அம்மணியக்கா கதவைத் தட்டியிராவிட்டால்? “ஊருக்கெல்லாம் கேஸ் சென்சார் செய்யறே, சொந்த வீட்டு கேஸ் தெரியலையா?” என்றான் உதயா, கட்டின புருஷன், கத்தக்கூட இல்லை, சிரித்தான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று லேபுக்குப் போய், ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று கைடிடம் சொல்லப் போகிறாள், பஸ்ஸோ சேலையூரில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் சிக்கி நிற்கிறது, முன்னே போகவும் வழியில்லை, வீட்டுக்குத் திரும்பி ஓடவும் வழியில்லை, யாருடைய முழங்கையோ விலாவில் குத்துகிறது.

அன்றைக்குப் பிறகு லேபில் அவள் செய்த கேஸ் சென்சார் ஸ்டிக்கரையே அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். தபால்தலை அளவு, கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழாய்கள் கலந்த மை, பேட்டரி கிடையாது, போனைக் கிட்டே கொண்டுபோனால் அதன் சக்தியிலேயே விழித்து, கேஸ் இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு என்று போனில் காட்டும்… கொண்டுபோகாவிட்டால்? வீடே நிறைந்தாலும் தெரிந்துகொண்டு சும்மா இருக்கும். இவ்வளவு வருஷம் உட்கார்ந்து என்ன பொருளைச் செய்தேன் நான்? மாமனாரைப் போனில் கூப்பிட்டாள். “மாமா, லைட் சுவிட்சைத் தொடாதீங்க, போனை அந்த ஸ்டிக்கர் மேல வைங்க.” வைத்தாராம். “ஒண்ணியும் காட்ட மாட்டுதும்மா.” செத்துவிட்டதா, இல்லை… சட்டென்று நினைவு வந்தது, போன் உறைக்குள் அவர் வைத்திருக்கும் செப்புத் தகடு, அது குறுக்கே இருந்தால் எப்படிக் காட்டும்? “உறையைக் கழட்டுங்க மாமா.” “முருகர் தகடும்மா அது, எடுக்கலாமா?” “எடுங்க மாமா, சீக்கிரம்!” முனகினார், ஏதோ கீழே விழுந்தது, எவ்வளவு நேரம்…

“பச்சையா கீதும்மா.”

அழுகை முட்டியது. அவள் செய்த பொருள் சரியாகத்தான் சொல்கிறது. “உனுக்கு இன்னாம்மா ஆச்சு, கொரலே ஒரு மாதிரி கீது?” என்றார். இந்த ஒரு மாதத்தில் யாராவது இதைக் கேட்டார்களா? சொல்லிவிடலாம், எனக்கு லேபை விட இஷ்டமில்லை மாமா, உங்க பையன் சிரிச்சதைத் தாங்க முடியலை… “ஒண்ணுமில்ல மாமா” என்றாள். அவர் போனை வைத்துவிட்டார், லாரி நகர்ந்தது. அந்த ஸ்டிக்கர்கூடக் கேட்டால் உள்ளதைச் சொல்கிறதே, ஏன் விடுகிறாய் என்று கைட் கேட்கத்தான் போகிறார், அவரிடமும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வேனோ…