ஒரு ரிப்போர்ட், இரண்டு பேர்

பெரியப்பா மிக்ஸியை ஓடவிட்டார். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் விறுவிறுவென்று போய் ஸ்விட்சை அணைத்தாள்.

"என்ன பெரியப்பா இது?"

"மத்தியானச் சாறும்மா. நேரம் தப்பக்கூடாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் குழாய் ரிப்பேர் வேலை, இருவருக்கும் சர்க்கரை. ஊதா இலையில் இருக்கும் சத்து சிவப்பணுக்களைக் காப்பாற்றும், சர்க்கரையும் இறங்கும் என்று போனில் யாரோ அனுப்பியதை நம்பி, தொட்டிச் செடியை மொட்டையடித்துச் சாறு குடித்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு அளவு இறங்கியிருந்தது. உடனே இருவருமே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா பரிசோதனைக்கே போகவில்லை. "ஒரே டேங்க்குத் தண்ணி. ஒரு குழாயைத் திறந்து பார்த்தாப் போதாதா?" என்றார் அப்போது.

"டாக்டர் சொன்னப்போ நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க? அப்பாவுக்கு ரத்த அணு சீக்கிரமே உடைஞ்சுகிட்டு இருந்திருக்கு. அந்த டெஸ்ட் அணுவுல ஒட்டியிருக்கற சர்க்கரையைத்தான் அளக்கும்; அது சேர்றதுக்குள்ள அணு செத்துப்போகுது. அதான் அளவு கம்மியாத் தெரிஞ்சுது. உடம்புல சர்க்கரை குறையவே இல்ல."

"இலையில சத்து இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரே."

"சோதனைக்கூடத்துல வேணா அணுவைக் காப்பாத்தலாம்னார். ஊசியை யாரு நிறுத்தச் சொன்னதுன்னும் கேட்டார். அது மட்டும் உங்க காதுல விழல."

"விழுந்துச்சு."

அவர் ஜாடியின் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டே நின்றார். அவள் அப்பாவின் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து, புது ஊசி மாட்டினாள்.

"விரலைக் குடுங்க."

"பொணத்தை வச்சுக்கிட்டா?"

"இன்னொண்ணு வைக்கக் கூடத்துல இடமில்ல பெரியப்பா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினார்.

"எவ்வளவு?"

"எண்ணே வரல. அளவுக்கு மேலன்னு காட்டுது."

"மெஷின் கோளாறா இருக்கும்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சிக்குப் போன் செய்தாள்.

"தம்பியை எடுக்கறப்போ நான் இருக்கணும்மா."

"நீங்க வராம எடுக்க மாட்டோம். கிளம்புங்க."

கூடத்தில் இருந்தவர்களிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, பெரியப்பா வண்டியில் ஏறிவிட்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். பின் சீட்டில், தம்பியோடு போகிற நாட்களில் போலவே, கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்.