அழகுத்தாய் மறைத்த மகன்

மாசித் திங்களின் இளங்காலையில், கழுகுமலைக் குன்றின் முதுகைச் செங்கதிர் தடவி நிற்க, அதன் கிழக்கே கண்ணெட்டும் தொலைவு வரை கார்முகிலைப் பிழிந்து பரப்பினாற் போன்ற கரிசல் மண் விரிந்து கிடக்கும். அம்மண்ணின் மேல் வெடித்த பருத்தி வெண்ணுரையென மலர்ந்திருக்க, அறுத்த கொத்தமல்லித் தாளின் மணம் காற்றிலே கலந்திருக்க, நெடுந்தூண்களின் உச்சியில் காற்றாலை இறக்கைகள் உறக்கம் கலையாதார் கைவீசுதல் போல் மெல்லச் சுழன்றிருக்க, தீப்பெட்டி ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிய வண்டிகள் கோவில்பட்டிச் சாலையில் புழுதியெழுப்பி ஓடும். இந்நிலத்துச் சிற்றூர் ஒன்றில், தலைமுறை பலவாக உழுதுண்டு வாழ்ந்த குடியில் பிறந்து, தன் தந்தை சாமித்துரையின் உடன்பிறந்தாளாகிய அழகுத்தாயின் மகன் சதீஷ்குமாருக்கே மணமுடிக்கப்பெற்றவள் காவியா. அவளுக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றேன், கேண்மின்.

அவள் முதன்முறை கருவுற்ற மூன்றாம் திங்களில், கோவில்பட்டி மருத்துவமனை ஒன்றில் அவளை ஆய்ந்த பெண் மருத்துவர், கணவனும் மனைவியும் நெருங்கிய உறவினர் என்றறிந்து, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க குடும்பத்துல பிறந்த குழந்தை எதுவும் கழுத்து நிக்காம, கைகால் அசைக்க முடியாம இறந்திருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்படி எதுவும் இல்லம்மா. எங்க வழியில எல்லாம் திடமான பிள்ளைகதான்" என்றாள் அருகிருந்த அழகுத்தாய். சதீஷ்குமார் சுவரில் தொங்கிய நாட்காட்டியையே நோக்கியிருந்தான். காவியாவோ தன் அத்தையின் உறுதியான குரல் கேட்டு உள்ளம் குளிர்ந்து, அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

உரிய நாளில் பெண் மகவு பிறந்தது. யாழினி என்று பெயரிட்டார்கள். விண்மீன் போல் ஒளிரும் விழிகளும், காண்பாரைக் கட்டிப்போடும் நகையும் உடைய அம்மகவு, திங்கள்கள் சில கடந்தும் தலையை நிமிர்த்தவில்லை. நீட்டிய விரலைப் பற்றவில்லை. பால் உறிஞ்சும் வலிமை நாளுக்கு நாள் தேய, அழுகுரல் பூனைக்குட்டியின் முனகலாய் மெலிய, ஈற்றில் மூச்சிழுக்கும் ஆற்றலும் அடங்கி, ஓராண்டு நிறையும் முன்னரே தாயின் மடியில் ஓய்ந்தது. இறுதி வரை அதன் விழிகள் மட்டும் தாயின் முகத்தை விட்டு அகலவில்லை.

மகவு மறையுமுன் எடுத்திருந்த குருதியை ஆய்ந்த மதுரை மருத்துவர், பின்னொருநாள் இருவரையும் அழைத்துச் செய்தி சொன்னார். தண்டுவட நரம்புகளை அழிக்கும் அரிய நோய் அது. தாய் தந்தை இருவரின் மரபிலும் மறைந்து நின்று, இருவழியும் கூடியவிடத்தில் வெளிப்படுவது. "முன்னாடியே இப்படி ஒரு குழந்தை இருந்தது தெரிஞ்சிருந்தா, உங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் பார்த்துட்டு, பனிக்குடத் தண்ணியச் சோதிச்சுக் கருவுலயே கண்டுபிடிச்சிருப்போம். என்ன செய்யணும்னு நீங்க தீர்மானிச்சிருக்கலாம்" என்றார்.

வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்றபோது சதீஷ்குமார் வாய்திறந்தான்.

"எனக்குப் பொறவு ஒரு தம்பி இருந்தான், காவியா. அவனும் இப்படித்தான் கெடந்தான். நான் பள்ளிக்கூடம் போயிட்டு வந்து அவன மடியில வச்சிருப்பேன்."

"அன்னைக்கு அந்த டாக்டரம்மா கேட்டப்போ நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, அத்தான்?"

"அம்மா இல்லன்னுட்டா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"ஒங்கப்பாதான் வந்து குழி தோண்டி அடக்கம் பண்ணுனாவ."

உச்சி வெயில் உடலைச் சுட்டும் உணராதவளாய் நின்றாள் அவள். கொண்டவன் மறைத்தால் பெற்றவரிடம் ஓடலாம். பெற்றவர் மறைத்தால் கொண்டவன் தோளில் சாயலாம். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒன்றாகவே பின்னிக் கிடந்த அவளுக்கு ஓடவும் இடமில்லை, சாயவும் தோளில்லை.

அடுத்த ஆண்டு, அழகுத்தாயின் கடைசி மகளும் தூரத்து உறவிலேயே மணமுடிக்கப்பட்டவளுமாகிய சுகுணா கருவுற்றுத் தாய்வீடு வந்தாள். தனக்கு மூத்தவனாய் ஒருவன் பிறந்து மறைந்ததை அவளும் அறியாள். அவள் குளிக்கச் சென்ற வேளையில் அழகுத்தாய் மருமகளிடம் வந்து தாழ்குரலில் கெஞ்சினாள்.

"ஏட்டி, ஒன் காலப் புடிச்சுக் கேக்கேன். யாழினி காய்ச்சல்ல போனான்னுதான் சுகுணா மாமியா வீட்டுல சொல்லி வச்சிருக்கோம். நோயி நம்ம வழியில வருதுன்னு தெரிஞ்சா அவள வச்சிருக்க மாட்டாவ."

மறுநாள் சுகுணாவை வழியனுப்பக் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்திற்குச் சென்ற காவியா, இரைச்சலுக்கிடையே அவளைத் தன்னருகே அமர்த்தி, ஒன்றையும் விடாது சொன்னாள்.

"எனக்கு இன்னொரு அண்ணனா, மயினி?" என்று கேட்ட சுகுணாவின் உதடுகள் வெளுத்திருந்தன.

சுகுணாவும் கணவனும் மதுரைக்குச் சென்றார்கள். இருவர் குருதியிலும் அந்நோயின் வித்து இருந்தது. ஆயினும், பனிக்குட நீரை ஆய்ந்ததில் கரு நோயுற்றிருக்கவில்லை. காவியா அச்செய்தியைத் தொலைபேசியில் கேட்டுக் கண்ணீர் சொரிந்தாள். ஆனால் சுகுணாவின் குரலில் மகிழ்ச்சி இல்லை.

"பிள்ளைக்கு ஒன்னுமில்ல, மயினி. ஆனா இவிய வீட்டுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. நோயி புடிச்ச வம்சம்னு என் காதுபடவே பேசுதாவ. நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

அன்றுமுதல் குடும்பத்தைக் காட்டிக் கொடுத்தவள் என்னும் பெயர் காவியாவுக்கு நிலைத்தது. சுகுணாவின் மகனுக்குப் பெயரிடும் நாளில், சதீஷ்குமார் தாயோடு சென்றுவிட, தனித்திருந்த அவளைத் தேடிச் சாமித்துரை வந்தார்.

"கெளம்பு தாயி. அத்தைகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு. எல்லாம் சரியாப் போகும்."

அவள் தந்தையின் முகத்தைச் சினமின்றி நோக்கினாள். "எனக்குத் தாலி கட்டுனன்னைக்கு, அந்தப் பிள்ள ஒங்க நெனப்புக்கு வந்துச்சாப்பா?"

வெளியே எங்கோ ஓர் உழுபொறி உறுமிக் கடந்து சென்றது.

"வந்துச்சு" என்றார்.

அவர் துண்டை உதறித் தோளிலிட்டு, தளர்ந்த நடையினராய்ப் பேருந்து நிற்கும் இடம் நோக்கிச் சென்றார். கருவறைக்குள் துயிலும் மகவின் நோயையும் கண்டறியும் நுட்பம் மாந்தர்க்கு வாய்த்துவிட்டது. அதற்கு அவர்கள் ஈயவேண்டியதோ ஒரு சிறு உண்மை. அவ்வுண்மையை அழகுத்தாய் அச்சத்தால் மறைத்தாள். சதீஷ்குமார் தாய்க்கு அடங்கி மறைத்தான். சாமித்துரை உடன்பிறந்தாள் மீது கொண்ட அன்பினால் மறைத்தார். அவருள் ஒருவரும் கொடியவர் அல்லர். அதனாலேயே காவியாவால் அவர்களை வெறுக்க இயலவில்லை, மன்னிக்கவும் இயலவில்லை.