பரஸ்தானம் வைத்த வண்டி

திரவியத்துக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. அவர் கை பட்ட எஞ்சின் அதே கோளாறோடு திரும்பி வராது என்பது ஒன்று. பொய் சொல்லமாட்டார் என்பது மற்றொன்று. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள், அவரிடமும் ஒரு தடவை எஞ்சின் மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்கு அந்த ஆனி மாசத்தில் இரண்டு பெருமையும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன.

நீலகண்ட பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். சர்வே டிபார்ட்மென்டில் முப்பது வருஷம் பிறத்தியார் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட லாரி ஒன்றை எடுத்து, ஆசாரியை வைத்து அதன்மேல் ஒரு வீட்டையே கட்டிவிட்டார். இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மேடை, ஜன்னலுக்குத் திரை, சாமி படத்துக்கு மாடம். மனைவி சூடாமணியோடு காசிவரை அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துறங்கிப் போய்வருவதாக ஏற்பாடு. சத்திரத்துச் சோறு அந்த அம்மாளுக்கு ஆகாது. ஊரார் அதை ‘வீட்டு வண்டி’ என்றார்கள். பிள்ளையின் மச்சினர் மட்டும், அது வீடும் இல்லை, வண்டியும் இல்லை என்றார்.

மேலே வீடு புதுசு, கீழே எஞ்சின் பழசு. அதைப் பிரித்துச் செப்பம் செய்வது திரவியத்தின் பொறுப்பு. பிஸ்டன்களைத் தாங்கும் ராடுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு நட்டு. நட்டை இறுக்கினால் மட்டும் போதாது. ஓடுகிற அதிர்ச்சியில் அது கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிளிட் பின்னைக் கோத்து முனையை மடக்கவேண்டும். கொண்டை ஊசி போலச் சின்ன சாமான்தான், ஆனால் அது இல்லாத நட்டு காவல் இல்லாத தோப்பு. வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பன்னிரண்டு நட்டும் இறுகியிருந்தன. பின் ஒன்றுகூடக் கோக்கவில்லை. எல்லா ராடையும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கோப்பதுதான் திரவியத்தின் வழக்கம்.

அந்த நேரம் பார்த்து நீலகண்ட பிள்ளை வந்து நின்றார்.

“என்னவே திரவியம், ஒம்பதரைக்கு வண்டி நகரணும். இதை விட்டா அடுத்த நல்ல நேரம் ஆடி கழிஞ்சுதான்.”

“சனிக்கிழமைன்னுல்லா பேச்சு, பிள்ளைவாள்?”

“சனிக்கிழமைதான் போறோம். இன்னைக்குப் பரஸ்தானம் வச்சிருவோம். வண்டியே போய் மச்சினன் வீட்டு வளப்பில நிக்கட்டு.”

நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் ஒரு மூட்டையையோ வேட்டியையோ அந்த நேரத்தில் வேறு வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. அதுதான் பரஸ்தானம். வைத்ததைத் திரும்பக் கொண்டுவரக்கூடாது. மூட்டைக்கு அந்த விதி சரி. எஞ்சினுக்கு அது தெரியுமா? திரவியத்துக்காவது தெரிந்திருக்கவேண்டும். அரை மைல்தானே, நாளைக்கு அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டு பின்னைக் கோத்துவிடலாம் என்று நினைத்து, எஞ்சினின் அடித்தொட்டியை மாட்டி மூடினார். ஒன்பதரைக்கு வண்டி சொகுசாகப் புறப்பட்டது.

வெள்ளிக்கிழமை சாமான்பையோடு போகத்தான் செய்தார். வண்டிக்கு முன்னால் கோலம் போட்டிருந்தது. சூடாமணியம்மாள் உள்ளே டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாருங்கோ. உங்க புண்ணியத்தில நான் காசி பாக்கப் போறேன்,” என்றாள். “வண்டியில இனி வேலை ஒண்ணும் பாக்கி இல்லியே?”

புறப்பட்டாகிவிட்ட வண்டியின் வயிற்றைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அபசகுனம் என்பாள். அதைவிட, திரவியம் அரைகுறை வேலை செய்தார் என்று ஆகிவிடும்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார். நட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது, காசிக்குப் போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வழி நெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினார். மனசு ஒப்பவில்லை. ஒப்பாத மனசோடுதான் அன்றைக்குச் சாப்பிட்டார்.

காசி எங்கே, ஆரியங்காவு எங்கே! சனிக்கிழமை பிற்பகல், மலை ஏற்றத்தில், கொட்டுகிற மழையில், ஒரு ராடு கழன்று எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. வண்டி பின்னால் உருண்டது. பிள்ளை பிரயாணத்துக்கு அமர்த்தியிருந்த டிரைவர் தாணு ஸ்டீரிங்கை ஒடித்து மலைப்பக்கத்து மண்ணில் முட்டி நிறுத்தினான். இல்லாவிட்டால் மூன்று பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். சூடாமணியம்மாள் கட்டிலிலிருந்து தெறித்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடக்க வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வண்டியை இழுத்துவந்து திரவியத்தின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். கூடவே பிள்ளையும் தாணுவும் வந்தார்கள். எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினால் பொட்டு எண்ணெய் இல்லை. ராடு துளைத்த ஓட்டை வழியாகத்தான் அத்தனையும் கொட்டியது என்பது திரவியத்துக்கு மட்டும் தெரியும்.

“புறப்படும்போ ஆயில் பாத்தியாடே?” என்று பிள்ளை கேட்டார்.

தாணு தலையைக் குனிந்தான். வித்துரா எஸ்டேட் லாரியை எட்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன். “எல்லா நாளும் பாப்பேன். அண்ணைக்கு மட்டும் பாக்கல்ல,” என்றான்.

பிள்ளை திரவியத்தைப் பார்த்தார். “எண்ணெய் வத்தினா ராடு இப்பிடிப் போகுமா வே?”

“போகும்,” என்றார் திரவியம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எண்ணெய் வற்றினால் ராடு போகும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. அவர்கள் போனபிறகு திரவியம் கதவைச் சாத்திக்கொண்டு, அடித்தொட்டியைக் கழற்றி, மிச்சமிருந்த ஐந்து ராடிலும் பின் கோத்து முனையை மடக்கினார். யாராவது திறந்து பார்த்தால்? பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவனுக்கு அது அரைமணி நேர வேலை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மூன்று வாரம் குறுகுறுத்தது. தாணு சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறான் என்றார்கள். விடியற்காலையில் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறானாம், அந்த அம்மாளுக்குத் தைலம் வாங்கி வருகிறானாம், கூலி கொடுத்தால் கும்பிட்டுவிட்டு ஓடுகிறானாம். இனி ஸ்டீரிங்கைத் தொடுவதில்லை என்று பிள்ளையார் நடையில் சத்தியம் செய்திருக்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரவியம் ஒரு நாள் கடைத்தெருவிலேயே அவனைப் பிடித்து நிறுத்தினார்.

“தாணு, குத்தம் உனக்கில்லடே. நான் பின் கோக்காம மூடிட்டேன்.”

தாணு மூட்டையை இறக்கிவைத்து அவரையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது. “அண்ணாச்சி, எனக்காக நீங்க பழி ஏக்கவா? உங்க வேலையில பிழை உண்டுன்னு சொன்னா இந்த ஊர்ல யாரு நம்புவா?”

திரவியம் அவன் கையைப் பிடித்துப் பிள்ளை வீட்டுக்கே இழுத்துப்போய், அங்கேயும் சொன்னார். பிள்ளை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “வாரும், திறந்து பாத்திருவோம்,” என்றார். அளக்காமல் நம்புகிற ஆள் இல்லை அவர்.

அப்போதுதான் திரவியத்துக்கு உறைத்தது. ஆனாலும் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனார்கள். அடித்தொட்டியைக் கழற்றினார். பிள்ளை டார்ச் அடித்து, குனிந்து, விரல் விட்டு எண்ணினார்.

“ஒடைஞ்ச ராடு போக மிச்சம் அஞ்சு. பத்து நட்டு, பத்து பின். எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு.”

“அது நான் பின்னால கோத்தது, பிள்ளைவாள். வண்டி திரும்பி வந்த அண்ணைக்கு. பயந்துபோய்ச் செய்திட்டேன்.”

பிள்ளை முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் திரவியம் பிழைத்திருப்பார்.

“ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய்யா வே?” என்றார். “முப்பது வருஷம் கண்ணால கண்டதை எழுதினவன் நான். தாணு மேல உமக்குள்ள பிரியம் எனக்கு மனசிலாச்சு. அவனை நானும் ஒண்ணும் சொல்லல்லியே. விடும்.”

“நீயாவது நம்புடே,” என்று திரவியம் தாணுவிடம் திரும்பினார். குரல் கெஞ்சியது.

தாணுவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நம்ப ஆசைப்பட்டான், பாவம். பிறகு குனிந்து அந்தப் பின்களை ஒருமுறை பார்த்தான். பார்த்ததும் முகம் பழையபடி வாடிவிட்டது.

“அண்ணாச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்,” என்றான். “எனக்காக இனி பொய் பறயாண்டாம். நான் செய்த பாவம் என்னோட போகட்டு.”

சூடாமணியம்மாளுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது என்று பிள்ளை ஞாபகப்படுத்தினார். தாணு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் வைத்தியர் வீட்டைப் பார்த்து ஓடினான்.